தீவகத்தில் படித்த ஆபிரிக்கா

கானாவின் கடற்கரையில் எல்மினா என்றொரு கோட்டை இருக்கிறது. 1482இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1637இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. ஆபிரிக்க மக்களைப் பிடித்து, இருட்டறைகளில் அடைத்து, கப்பலேற்றி அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் அடிமைகளாக விற்ற இடங்களில் அதுவும் ஒன்று. இன்று அந்த மக்களின் வழிவந்த பிள்ளைகள் அமெரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இருந்து புத்தகமும் கையுமாக அங்கே வருகிறார்கள். ஒரு தவணை, இரண்டு தவணை என்று கானாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். செனகலின் கோரே தீவுக்கும் அப்படியே போகிறார்கள். பாட்டன் பூட்டன் பட்ட பாட்டை அது நடந்த மண்ணிலேயே நின்று படிப்பதற்கென்று பல்கலைக்கழகங்கள் இந்தப் பயணங்களைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கின்றன.

என் அக்காவின் மகள் ரொறன்ரோவில் பிறந்தவள். அப்படியொரு தவணையைக் கானாவில் படித்துவிட்டு, நேரே யாழ்ப்பாணம் வந்து இறங்கினாள். அவளோடு எல்மினாவுக்குப் போன தோழிகள் அந்தச் சுவரில் கைவைத்து அழுதார்களாம். அதைச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டாள்: "மாமா, அங்க நான் அவையின்ர கதையைப் படிச்சன். எங்கட கதையை எங்க போய்ப் படிக்கிறது?"

தீவகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலில் ஊர்காவற்றுறை. பண்ணைப் பாலம் தாண்டினால் இருபுறமும் ஆழமில்லாத கடல். களங்கண்ணி வலைகளின் தடிகள் வரிசையாக நிற்கும். அல்லைப்பிட்டி, வேலணை என்று வழியெல்லாம் பனையும், கூரை விழுந்த வீடுகளும். சொந்தக்காரர்கள் பாரிஸிலும் சுவிஸிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். "இந்த வீட்டுக்காரர் எல்லாம் எங்க?" என்று அவள் கேட்கவில்லை. பாதிப்பேர் அவள் வளர்ந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

கரம்பனில் வண்டியை நிறுத்தினோம். 1913இல் சேவியர் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர் அது. தகப்பன் வழி நெடுந்தீவு. ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தவர், 1930களில் ரோமாபுரிக்குக் குருத்துவப் படிப்புக்குப் போனார். தமிழாராய்ச்சி மாநாட்டைத் தொடக்கியவர் என்ற அளவில் அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் ரோமில் எழுதிய ஆய்வு எதைப்பற்றியது என்பது பலருக்குத் தெரியாது. வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றியது அது. இன்றைய துனீசியாவில், மூன்றாம் நூற்றாண்டில் ஆயராயிருந்து 258இல் வெட்டிக்கொல்லப்பட்ட புனித சிப்பிரியான் காலத்துக் குருக்களைப் பற்றி எழுதினார். ஊர்காவற்றுறைப் பிள்ளையொன்று ரோமில் இருந்துகொண்டு ஆபிரிக்காவைப் படித்திருக்கிறது!

அதைவிடப் பெரிய விடயம் பிறகு நடந்தது. பல நாட்டு மாணவர்களோடு ஒரே கூரையின்கீழ் படித்துத் திரும்பியவர், தமிழ்நாட்டின் வடக்கன்குளத்தில் ஆசிரியராயிருந்தபோது தமிழை ஆழமாகக் கற்கத் தொடங்கினார். முப்பது வயதுக்கு மேல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழில் பட்டம் பெற்றார். பிறகு உலகம் முழுக்கச் சுற்றினார். 'ஒன்றே உலகம்' என்று பயணநூல் எழுதினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடவும் அவரே முன்னின்றார். வெளியே போய்ப் படித்த படிப்பு அவரைத் தமிழைவிட்டுப் பிரிக்கவில்லை, தமிழுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அவள் குறிப்புப் புத்தகத்தில் கார்த்தேஜ் என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

ஊர்காவற்றுறைக் கரையில் நின்றால் கடலுக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். போர்த்துக்கேயர் கட்டியது, ஒல்லாந்தர் பிடித்தது. எல்மினாவின் கதைதான். 1619ஆம் ஆண்டைப்பற்றி அவளுக்குச் சொன்னேன். அந்த வருடம்தான் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைத் தோற்கடித்து யாழ்ப்பாண அரசை முடித்தார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆபிரிக்க அடிமைகள் முதன்முதலாக ஆங்கிலேயரின் வேர்ஜினியாக் குடியேற்றத்தில் இறக்கப்பட்டதும் அதே 1619தான். அதன் 400ஆவது நினைவாகவே கானா அரசு 2019ஐத் 'திரும்பி வரும் ஆண்டு' என்று அறிவித்து, வெளிநாடுகளில் வாழும் ஆபிரிக்க வம்சத்தவரை அழைத்தது. ஒரே ஆண்டு, இரண்டு கடல், இரண்டு சனங்களின் தலைவிதி. இதை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கும் சொல்லித்தரவில்லை.

அடுத்து நயினாதீவு. புங்குடுதீவு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினால் சிறிது நேரத்தில் கோபுரம் தெரியத் தொடங்கும். பூத்தட்டோடு வந்த அம்மாமாரும், வெள்ளை உடுத்து விகாரைக்குப் போகும் தெற்குச் சனமும் ஒரே பலகையில் நெருக்கியடித்து இருந்தார்கள். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டோம். நாகவிகாரைக்கு நடந்துபோய் வந்தோம். அன்னதானப் பந்தியில் இருந்து சாப்பிட்டோம்.

நான் அவளுக்குச் சொல்ல விரும்பியது அங்குள்ள தமிழ்க் கல்வெட்டின் சங்கதி. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. 1963இல் பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்து வெளியிட்டார். சிங்கள மன்னன் தமிழில் வெட்டுவித்த அந்த ஆணை, பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் சரக்கில் நாலில் ஒரு பங்குதான் அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு வணிகச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி. கடலில் எல்லாவற்றையும் இழந்து கரையேறிய அந்நியனுக்கும் ஒரு நியாயம் எழுதிவைத்த கரை இது.

அதற்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, ஆபிரிக்காவின் மறுகோடியிலிருந்து ஒரு கல்விமான் வந்தார். மொரோக்கோவின் தாஞ்சியர் நகரத்து இபின் பதூதா. 1344இல் புத்தளக் கரையில் இறங்கியவரை வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது, இருவரும் பேசிக்கொண்டார்கள். சிவனொளிபாதமலையைப் பார்க்கவேண்டும் என்று வந்தவர் கேட்க, மன்னர் முத்துகளைப் பரிசாகக் கொடுத்து, பல்லக்கும், வழிகாட்ட யோகிகளும் பிராமணர்களும் சேர்த்து அனுப்பிவைத்தார். கொழும்பில் அபிசீனிய வீரர்களைக் கண்டதாகவும் இபின் பதூதா எழுதிவைத்திருக்கிறார். ஆக, ஆபிரிக்காவுக்கும் எங்களுக்கும் இடையில் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னமே போக்குவரத்து இருந்திருக்கிறது.

நெடுந்தீவுப் பயணம் இதைவிட நீளம். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், கோழிக்கூடு எல்லாம் ஏற்றி, ஆட்களும் நிறைந்தபிறகு படகு வெளிக்கிட்டது. கரையை விட்டதும் கடல் தூக்கித் தூக்கிப் போட்டது. இந்தக் கடலில்தான் 1985 மே 15இல் குமுதினிப் படகு மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அவள் அதற்கு முன்னால் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். எல்மினா இருட்டறையில் பெயர்களே இல்லை, இங்கே பெயராவது இருக்கிறது என்றாள். துயரம் நடந்த இடத்தில் எப்படி நிற்பது, என்ன கேட்பது என்று அந்தக் கானாத் தவணை அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது.

தீவு முழுக்க முருகைக்கல் மதில்கள். சாந்து கிடையாது, கல்லின்மேல் கல்லாக அடுக்கியதுதான். தெற்கே வெட்டவெளியில் குதிரைகள் மேய்கின்றன. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. கோடையில் தண்ணீருக்குத் தவிப்பவை. அவற்றையும் பார்த்துவிட்டுப் பெருக்குமரத்தடிக்கு வந்தோம்.

சாம்பல் நிறம், யானைத்தோல் போலச் சுருங்கிய பட்டை. அடிமரத்தில் ஆட்கள் உள்ளே நுழைந்து நிற்கக்கூடிய பொந்து. ஆபிரிக்காவின் மரம் அது. 1749இல் செனகலுக்குப் போன பிரெஞ்சுத் தாவரவியலாளர் மிஷேல் அதான்சனின் பெயரையே விஞ்ஞானம் அதற்கு வைத்திருக்கிறது. இரவில் பூக்கும், வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும், மழைநீரைத் தண்டில் சேமித்து வரட்சியைத் தாங்கும். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்று ஊரில் சொல்வார்கள். மன்னார் பள்ளிமுனையிலும் இதேபோல ஒன்று நிற்கிறது.

மரத்தடியில் ஒரு முதியவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உது எங்கட அப்புவின்ர அப்பு காலத்திலையும் உப்பிடித்தான் நிண்டது, பிள்ளை" என்றார். இவள் நிலத்தில் இருந்துவிட்டாள். "ஐயா, நான் படிச்ச நாட்டில, வடக்குப் பக்கம், இதின்ர இலையைக் காயவைச்சு இடிச்சுக் கறிக்குப் போடுவினம். காய்க்குள்ள இருக்கிற வெள்ளை மாவை நானும் திண்டிருக்கிறன். புளிக்கும்."

அவர் மரத்தை நிமிர்ந்து பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "அப்ப அந்தச் சனத்துக்கு இதுதான் எங்கட பனை."

பனையைக் கொண்டு பசியாறிய தீவான் ஒருவருக்கு ஆபிரிக்காவை விளங்கிக்கொள்ள அந்த ஒரு வசனம் போதுமாயிருந்தது. அவர் ஒடியல் கூழைப்பற்றிச் சொல்ல, இவள் வடகானாக் கறியைப்பற்றிச் சொல்ல, கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. "நாளைக்குப் போவம் மாமா" என்றாள். தங்கிவிட்டோம். அன்றிரவு அந்த ஐயாவின் வீட்டு முற்றத்தில், 1985ஐப் பற்றியும், தீவைவிட்டு வெளியேறியவர்களைப் பற்றியும், கிணற்று நீர் உவராகும் மாதங்களைப் பற்றியும் அவள் கேட்டு எழுதியவை எந்தச் சுற்றுலா ஏட்டிலும் இல்லை.

யாழ்ப்பாணப் பாடசாலைகள் தீவகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவராமல் இல்லை. பஸ்ஸில் வந்து, கும்பிட்டு, படமெடுத்து, கடைசிப் படகில் திரும்பிவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் நல்லூர், நயினாதீவு, ஒரு கலியாண வீடு என்று விடுமுறை முடிந்துபோகிறது. இது பயணம், கல்வி ஆகாது. கானாவுக்குப் போகும் மாணவர்களை எல்மினாவைக் காட்டிவிட்டு மாலையில் விமானம் ஏற்றுவதில்லை. அங்கேயே இருக்கவைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கவைத்து, எழுதவைக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஆபிரிக்கா எங்களுக்குத் தூரத்து நாடும் அல்ல. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நைஜீரியா, சாம்பியா, எத்தியோப்பியப் பள்ளிக்கூடங்களில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தவர்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர். கொக்குவிலைச் சேர்ந்த அ. முத்துலிங்கம் ஆபிரிக்க மண்ணில் வேலைசெய்து அந்த மக்களைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்தார். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த மஞ்சாப் பாட்டைப் பாடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர்களைச் சந்தித்திருக்கிறார்கள்?

ஆகவே வடக்கின் அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள்: பிள்ளைகளைத் தீவகத்தில் இரண்டு இரவாவது தங்கவையுங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியைக் கொடுத்து ஒரு முதியவரிடம் அனுப்புங்கள். சிரம்பியடிக்கும் கூட்டிப்போங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கானாவின் மாணவர்களை இங்கே அழைக்கட்டும், எங்கள் மாணவர்களை அங்கே அனுப்பட்டும். கடலும் கோட்டையும் புலம்பெயர்வும் இரு பக்கத்துக்கும் பொதுவான பாடம். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒரு தவணை வெளியூர் போய்ப் படிக்கக் கேட்டால் மறிக்காதீர்கள். போகட்டும். வரும் வழியில் நெடுந்தீவிலும் இறங்கி, சில நாள் தங்கி, கேட்டு எழுதிக்கொண்டு வரச்சொல்லுங்கள்.