கூரை போட்ட பாலம்

ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவனுக்குப் பாலம் ஓர் அதிசயமில்லை. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். பெரிய ஆஸ்பத்திரி, கோர்ட், கலெக்டர் ஆபீஸ் எதற்கும் பாலம் ஏறித்தான் ஆகவேண்டும். அப்படிப்பட்ட நான் ஒரு பாலத்தைப் பார்க்கவென்றே இலங்கைக்குக் கிளம்பியபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

பதுளைக்குச் சில மைல் தூரத்தில், ஹாலிஎல பக்கம், போகொட என்ற கிராமத்தில் இருக்கிறது அந்த மரப்பாலம். ஆட்டோ ஓட்டி வந்த தமிழ்ப் பிள்ளை, "எங்க பாட்டன் துறையூர்ப் பக்கந்தாங்க ஐயா" என்றான். அப்புறம் வழியெல்லாம் ஊர்ப்பேச்சுதான்.

பழைய புத்த விகாரை ஒன்றை ஒட்டிக் கல்லந்த ஓயா ஓடுகிறது. அதன் மேல் சுமார் 50 அடி நீளம், 6 அடி அகலத்தில் பாலம். பலா, மருது, கருங்காலி என்று முழுக்க மரம். மர ஆணிகளாலேயே பொருத்தியதாகச் சொல்கிறார்கள். வயது 400 ஆண்டுக்கு மேல் என்பார்கள். பதுளையிலிருந்து கண்டிக்குப் போன பழைய வழி இது. இருபுறமும் கைப்பிடி அழி, மேலே நீளத்துக்கும் ஓட்டுக்கூரை. நான் நின்ற அரைமணியில் விறகுக்கட்டோடு ஒருவர், குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஓர் அம்மாள் என்று ஊர்க்காரர்கள் சாதாரணமாகக் கடந்து போனார்கள்.

கூரை நமக்கு நிழல் தருகிறது; ஆனால் அதைப் போட்டது பாலத்துக்காக. மரத்துக்கு எமன் மழைத்தண்ணீர். நனைந்து நனைந்து காய்ந்தால் உளுத்துவிடும். ஓடு உடைந்தால் மாற்றிவிடலாம். உத்தரம் போனால் பாலமே போச்சு. சுவிட்சர்லாந்தில் லுசேர்ன் நகரத்து மரப்பாலத்துக்கும் இதே ஏற்பாடுதான். 1993-ல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்தும், மறு வருஷமே சீர்செய்து திறந்துவிட்டார்கள்.

நான் பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் பாலத்துக்கு 'போன்' என்று பெயர். நம் காதில் 'பொன்' என்றே விழும். பொன்னைப்போலத்தான் காக்கவும் வேண்டும்.

குமாஸ்தா உத்தியோகத்தில் நான் கண்டது ஒன்று: திறப்பு விழா உள்ள வேலைக்குக் கோப்பு ஓடும், பராமரிப்புக் கோப்பு தவழும். 1928-ல் கட்டிய நம் கொள்ளிடம் இரும்புப் பாலம், புதுப்பாலம் வந்ததும் ஓய்வு பெற்றது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. 1976-ல் வந்த காவிரிப் பாலத்தைப் பழுது பார்க்க மூடியபோது, சுற்றிப் போகவேண்டிய அலுப்பில் நாம் எல்லோரும் முணுமுணுத்தோம்.

அடுத்த முறை மூடினால் நான் முணுமுணுக்கப் போவதில்லை. போகொடவில் யாரோ தலைமுறை தலைமுறையாக ஓடு மாற்றியதால்தான் அந்த விறகுக்கட்டு இன்றும் அக்கரை போய்ச் சேருகிறது.