லாக்கில் தெரியும் வாசகர்

மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறவருக்கு வாசகரின் முகம் தெரியாது. எழுதியது விளங்கினால் அவர் ஒன்றும் சொல்லாமல் தன் வேலைக்குத் திரும்பிவிடுவார். விளங்காவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் வேறெங்காவது தேடப் போய்விடுவார். அவர் வந்து போனதற்கு மிஞ்சுவது சர்வர் லாக்கில் ஒரே ஒரு வரி: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தை, எங்கிருந்து வந்து, எந்த பிரவுசரில் கேட்டார், கேட்டது கிடைத்ததா. அந்த வரிகளை உட்கார்ந்து வாசிப்பதும் எழுத்து வேலையில் சேர்த்திதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் பல ஆண்டுகளாக ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிற கட்டற்ற மென்பொருள், சொந்த சர்வரில் நிறுவி டேட்டாபேஸோடு இணைத்து ஓட்டும் வகை. அதன் கையேடு வெகுகாலம் நிரலின் அமைப்பையே பின்பற்றி வந்தது. மாட்யூலுக்கு ஓர் அத்தியாயம். அந்த மாட்யூலை எழுதியவரே அத்தியாயத்தையும் எழுதுவார். பல திட்டங்களில் இப்படித்தான் நடக்கிறது. உருவாக்கியவர்களுக்கு அந்த வரிசை இயல்பானது, ஏனென்றால் அவர்கள் மனத்தில் மென்பொருள் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. பயன்படுத்துகிறவருக்கு மாட்யூல் எதுவும் தெரியாது. அவரிடம் இருப்பது ஒரு வேலை, அல்லது திரையில் நிற்கும் ஓர் எரர்.

அந்த வேலை எது, அந்த எரர் எது என்பதை லாக் காட்டும். ஆனால் அது தரும் எண்களை நம்பத் தொடங்குவதற்குமுன் அவற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். லாக்கில் வருகிற கோரிக்கைகளில் மனிதர்கள் அனுப்புவது ஒரு பங்குதான். பக்கங்களைத் தானாக இறக்கிச் செல்லும் தேடுபொறிகளின் பாட்கள் எப்போதும் இருந்தவை. இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பாட்களும் சேர்ந்துவிட்டன. ஏராளமான கட்டற்ற திட்டங்களின் ஆவணங்களைத் தாங்கும் ‘ரீட் த டாக்ஸ்’ தளத்திலிருந்து ஒரே ஒரு பாட் 2024 மே மாதத்தில் 73 டெராபைட் அளவுக்கு இறக்கிக்கொண்டது என்று அத்தளத்தினரே எழுதினார்கள். இதை வடிகட்டாமல் ‘வாசகர் பெருகிவிட்டார்கள்’ என்று மகிழ்ந்தால், யாருமே படிக்காத பக்கத்துக்கு முதலிடம் கொடுத்துவிடுவோம். மறுபக்கம், பக்கத்தில் ஸ்கிரிப்ட் வைத்து எண்ணும் கருவிகள் குறைத்துக் காட்டும். நம் வாசகர்கள் தொழில்நுட்பக்காரர்கள். அந்த ஸ்கிரிப்டை நிறுத்திவிடும் யூபிளாக் ஆரிஜின் போன்ற தடுப்பான்களைப் போட்டிருப்பவர்கள் அவர்களில் நிறைய. அதனால் மட்டோமோ போன்ற எண்ணும் கருவி ஒன்றையும் சர்வர் லாக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஐபி முகவரியின் கடைசிப் பகுதியை மறைத்துவிட்டுத்தான் சேமிக்கிறோம். யார் வந்தார் என்பது எங்களுக்குத் தேவையே இல்லை.

சுத்தமான எண்களில் முதலில் பார்க்க வேண்டியது மொத்த வருகை அல்ல, நுழைவுப் பக்கம். வாசகர் எந்தப் பக்கத்தில் முதன்முதலில் கால்வைக்கிறார்? நாங்கள் அவ்வளவு கவனமாக எழுதிய முகப்பும் அறிமுக அத்தியாயமும் பட்டியலில் கீழே இருந்தன. பெரும்பாலோர் கூகுளிலிருந்து நேரே ஓர் உட்பக்கத்தில் வந்து விழுகிறார்கள். முன்பெல்லாம் என்ன சொற்களைத் தேடி வந்தார்கள் என்பதும் லாக்கிலேயே இருக்கும். 2011 அக்டோபரில் கூகுள், கணக்கில் நுழைந்தவர்களின் தேடலை மறையாக்கத் தொடங்கியபின் அது படிப்படியாக மறைந்தது. இப்போது கூகுள் சர்ச் கன்சோலில் தொகுப்பாகத்தான் கிடைக்கும். அந்தத் தொகுப்பைத் திறந்தால் நிரம்பிக் கிடப்பவை எரர் வரிகள். திரையில் வந்ததை அப்படியே காப்பி செய்து ஒட்டியிருக்கிறார்கள். எங்கள் பட்டியலின் உச்சியில் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ நின்றது.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தேன். எல்லாப் பக்கமும் முதல் பக்கமாக இருக்கத் தயாராக வேண்டும். முந்தைய அத்தியாயத்தில் சொன்னதை வாசகர் படித்திருப்பார் என்ற நினைப்பு எங்கெல்லாம் ஒளிந்திருந்ததோ, அங்கெல்லாம் இரண்டு வரியில் பின்னணியைச் சேர்த்தோம். எது எந்த வெர்ஷனுக்கு என்பதை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போட்டோம். எரர் வரியை, இலக்கணம் பார்த்துத் திருத்தாமல், திரையில் வருகிறபடியே தலைப்பாக வைத்தோம்.

ஆனால் அதிகம் பார்க்கப்படும் பக்கம் சிறந்த பக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனையில் காய்ச்சல் பிரிவில் கூட்டம் நிற்பதால் மக்களுக்கு அந்தப் பிரிவு பிடித்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ஊரில் கொசு பெருகியிருக்கிறது என்றுதான் புரிந்துகொள்கிறோம்.

கையேட்டுக்குள்ளேயே இருக்கும் தேடல் பெட்டியை நான் மற்ற எல்லா எண்ணையும்விட உயர்வாக மதிக்கிறேன். அதிலும், எதுவும் கிடைக்காமல் போன தேடல்களை. அவை வாசகர் நம்மிடம் நேரடியாகக் கேட்ட கேள்விகள். எங்களிடம் திரும்பத் திரும்ப வந்தது ‘அன்இன்ஸ்டால்’. எப்படி நிறுவுவது என்று நான்கு இயங்குதளங்களுக்கு விரிவாக எழுதியிருந்த கையேட்டில் எப்படி அகற்றுவது என்று ஒரு வரி இல்லை. தான் கட்டியதை ஒருவர் கழற்றி எடுப்பார் என்று கட்டியவருக்குத் தோன்றுவது அரிது. அந்தப் பக்கம் அரைநாளில் எழுதி முடிந்தது.

நேரக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் ஒரு பக்கத்தில் செலவான நேரத்தை, அடுத்த பக்கம் திறந்த நேரத்தைக் கொண்டுதான் கணக்கிட்டது. ஒருவர் தேடலிலிருந்து வந்து, ஒரு கட்டளையைப் பார்த்து, டெர்மினலில் அடித்து, வெற்றியோடு போய்விட்டால் அவருக்குரிய நேரம் பூஜ்யம். கணக்கில் அவர் ‘வந்ததும் ஓடிவிட்டவர்’. கடைக்காரர்களுக்கு அது தோல்வியாக இருக்கலாம். குறிப்புப் பக்கம் எழுதுகிறவருக்கு அதைவிட நல்ல வருகை இல்லை. பயிற்சிப் பாடத்தின் இரண்டாம் படியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள் என்றால்தான் நான் கவலைப்படுவேன்; அந்தப் படியைப் புதிய கணினி ஒன்றில் முதலிலிருந்து நானே செய்து பார்ப்பேன்.

எண்கள் சிறுத்திருக்கும் பக்கங்களில்தான் எழுதுகிறவரின் தீர்ப்பு வேலை செய்ய வேண்டும். பேக்கப்பிலிருந்து தரவை மீட்பது பற்றிய பக்கத்துக்கு எங்களிடம் வருகை மிகக் குறைவு. எண்களை மட்டும் பார்த்தால் அதைப் பின்னிணைப்புக்குத் தள்ளலாம். ஆனால் அதைத் திறக்கிறவர் நிலையை நினைத்துப் பாருங்கள். டிஸ்க் போய்விட்டது, அலுவலகம் நின்றுபோயிருக்கிறது, பின்னால் நான்கு பேர் நின்று ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்கிறார்கள். அவருக்கு அந்தப் பக்கம் ஒரே சொடுக்கில் கிடைக்க வேண்டும். கட்டளைகள் வரிசை பிசகாமல் இருக்க வேண்டும். அதை இடப்பட்டியின் முதல் அடுக்குக்கே கொண்டுவந்தேன். குழுவில் ஆட்சேபம் எழுந்தது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்படிப் பக்கங்களை இடம் மாற்றும்போது பழைய முகவரிகளைக் காப்பாற்றுவது தனிப் பொறுப்பு. நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே வாதிட்டு எழுதினார். பிறருடைய குறிப்புகளிலும் பழைய மின்னஞ்சல்களிலும் நம் லிங்க்குகள் உயிரோடு இருக்கின்றன. நகர்ந்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 301 வழிமாற்றம் வைத்து, பிறகு வாரந்தோறும் ‘பக்கம் இல்லை’ என்று திரும்பிய 404 பட்டியலைப் பார்த்து விட்டுப்போனதைச் சேர்த்தோம். பழைய வெர்ஷன் பக்கங்களைத் தேடுபொறிகள் முன்னே காட்டுவது இன்னொரு தொல்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் கையேட்டில் ‘கரண்ட்’ என்ற நிலையான முகவரி எப்போதும் நடப்பு வெர்ஷனையே காட்டும். பக்கத்தின் தலையில் மற்ற வெர்ஷன்களின் அதே பக்கத்துக்கு லிங்க் இருக்கும். அந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டி நாங்களும் பின்பற்றினோம்.

முதலிடத்தில் நின்ற ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ பக்கத்தைத் திரும்பத் திரும்ப மெருகேற்றியபோது ஒன்று தெளிவானது. அங்கே நான் எழுதியதில் பாதி, எந்தப் போர்ட்டில் எந்த முகவரியை மென்பொருள் தொட முயன்றது என்பதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் படிகள். அது மென்பொருளுக்கே தெரிந்த செய்தி. நிரலாளர்களிடம் எண்களைக் காட்டினேன். அடுத்த வெளியீட்டில் எரர் வரியிலேயே முகவரியும் போர்ட்டும், சரிபார்க்க வேண்டிய அமைப்புக் கோப்பின் பெயரும் வந்தன. புதிய வெர்ஷனுக்கு மாறியவர்கள் கூடக்கூட அந்தப் பக்கத்தின் வருகை மாதாமாதம் இறங்கியது. இப்போது உச்சியில் ‘டைம்அவுட்’ இருக்கிறது. அதைக் கையில் எடுத்திருக்கிறோம்.