மூன்று கைப்பிடிக் கலன்

எமது வீட்டின் பின்விறாந்தையில் ஆறு இரும்புக் கலன்கள் சுவரோரமாக நிற்கின்றன. 2022ஆம் ஆண்டுவரை ஏழு நின்றன. எல்லாம் படையினர் பெற்றோலும் தண்ணீரும் கொண்டு செல்லப் பயன்படுத்தியவை. ஒன்றிரண்டு எமது தந்தையாரிலும் வயதில் மூத்தவை. எம்மோடு கற்பிக்கும் நண்பர்கள் இவற்றைக் கண்டு நகைப்பதுண்டு. "தமிழ் படித்தவர் ஏடு சேர்ப்பார் என்று பார்த்தால் தகரம் சேர்க்கிறீர்களே, சேர்" என்று அவர்களுள் ஒருவர் கேட்டார். அன்று நாம் சிரித்து மழுப்பிவிட்டோம். இதனை எழுதுவது ஓரளவுக்கு அவருக்காகவே.

எம்மூரார் இப்பாத்திரத்தைக் கலன் என்றே வழங்குவர். ஆங்கிலேயரின் முகத்தலளவைப் பெயர் திரிந்து வந்த வழக்கு இதுவென்பார் உளர். இருக்கலாம். ஆயினும் பாத்திரத்தைக் கலன் என்றும் கலம் என்றும் சொல்வது ஆங்கிலேயர் வருமுன்பே எம்மிடம் இருந்தது. கலம் என்றால் கப்பலுமாகும். இரவற் சொல்லும் சொந்தச் சொல்லும் ஒரே ஒலியில் வந்து சந்தித்துக்கொண்டமை தமிழ் கற்பிப்போர்க்குரிய ஓர் அற்ப மகிழ்ச்சியை எமக்கு அளிக்கிறது.

நாம் முதன்முதலிற் கேள்வியுற்ற கலன் எமது கைக்கு வந்ததேயில்லை. எமது தாயாரின் பாட்டனார் இரண்டாவது உலக யுத்தகாலத்தில் திருகோணமலைக்குக் கூலிவேலைக்குச் சென்றவர். வயலில் விளைச்சல் இல்லாத ஆண்டுகளில் வெள்ளைக்காரனின் யுத்தமே ஏழைக்குச் சோறு போட்டது. சீனன்குடாவில் கடற்படையின் எண்ணெய்த் தாங்கிகள் இருந்தன, விமானத்தளம் இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தொலைவில் ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பலையும் மூழ்கடித்தன. விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. மூழ்கிய வேளையில் அதில் ஒரு விமானந்தானும் இருக்கவில்லை. 307 பேர் மாண்டனர். அக்கலம் இன்றும் எமது கடலடியிற் கிடக்கிறது. பின்னர் 1944இல் தென்கிழக்காசியக் கட்டளையகம் பேராதனைக்கு வந்தது. யுத்தம் முடிந்து படைகள் புறப்பட்டபோது பாட்டனார் ஊர் திரும்பினார். அவர் கொண்டுவந்த சொத்து பச்சை வர்ணம் பூசிய ஒரு கலன்.

முதலில் அது வயல்வாடிக்குத் தண்ணீர் சுமந்ததாம். பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறியது. ஒருமுறை மண்ணெண்ணெய் புகுந்த கலனை எத்தனை முறை கழுவினாலும் அதிற் பின்னர் தண்ணீர் குடிக்க இயலாது. இதனை அறிந்தே ஜேர்மன் படையினர் தண்ணீர்க் கலன்களின் மேல் வெள்ளைச் சிலுவைக்குறி தீட்டி வைத்தனர். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு சூறாவளி அடித்து ஓய்ந்தபோது எமது அம்மம்மாவின் வீட்டில் கூரை இல்லை, நெல் இல்லை, மூடி இறுகியிருந்த கலனில் மண்ணெண்ணெய் மட்டும் ஒரு துளி நீர் கலவாமல் இருந்தது. அயல்வீடுகளின் குப்பி விளக்குகள் ஒரு கிழமை வரை அதிலிருந்தே எரிந்தன என்று அம்மம்மா சொல்வார்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டது. படையினரின் பச்சை வர்ணமும் முத்திரையும் கொண்ட பாத்திரம் ஒரு குடியானவனின் வீட்டில் இருப்பது உயிருக்கு உலை வைக்கும் காரியமாயிற்று. சுற்றிவளைப்பில் வருபவன் 1945ஐப் பற்றிக் கேட்கப்போவதில்லை, 'யார் கொடுத்தான்?' என்றுதான் கேட்பான். ஆகவே அம்மப்பா ஓர் இரவு அதில் மணலை நிரப்பித் தோணியில் ஏற்றி, வாவியின் ஆழமான இடத்தில் இறக்கிவிட்டு வந்தார். அப்போது எமக்கு வயது இரண்டு.

2013இல், ஆசிரியத் தொழிலில் அமர்ந்த முதலாண்டில், பழைய இரும்புக் கடையொன்றின் குவியலில் இத்தகைய கலனைக் கண்டோம். அடியில் பிரித்தானிய அரசின் அம்புக்குறியும் 1944 என்ற எண்ணும் பொறித்திருந்தன. கடைக்காரர் அதைத் தராசில் வைத்து இரும்பின் நிறைக்கே விலை சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மம்மா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இதையும் ஆத்துக்குள்ள கொண்டுபோய்ப் போடணுமா, மனே?" என்றார். பின்னர் உள்ளே சென்று ஒரு சாக்கை எடுத்துவந்து அதன்மேல் போர்த்தினார். போர் முடிந்து நான்கு ஆண்டுகள் சென்றிருந்தன. வருவோருக்குக் காட்ட நாம் சாக்கை எடுப்போம். அவர்கள் போனதும் அவர் மீண்டும் போர்த்துவார். 2020இல் அவர் இறக்கும்வரை இது நடந்தது. நாமும் சளையாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தோம்.

சேர்த்தவற்றின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். இக்கலன் பிறந்தது ஜேர்மனியில். ஷ்வெல்ம் நகரத்துத் தொழிற்சாலையொன்றின் பொறியியலாளர் வின்சென்ஸ் குறூன்ஃபோகல் என்பவர் 1937இல் இதனை வடிவமைத்தார். இரண்டு தகட்டுப் பாதிகளை அழுத்தி வார்த்து நடுவே ஒட்டுவது; 20 லீற்றர் கொள்வது; சாவியோ புனலோ வேண்டாமல் ஒரு நெம்பினால் திறந்து மூடுவது; உள்ளே காற்றுக்குச் சிறிது இடம் விட்டிருப்பதால் பெற்றோல் நிரம்பிய நிலையிலும் நீரில் மிதப்பது. அக்காலத்தில் பிரித்தானியரிடம் இருந்தவை மெல்லிய நான்கு கலன் தகரங்கள். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் அவை ஒழுகியே நூற்றுக்கு முப்பது பங்கு எரிபொருள் மண்ணுக்குப் போயிற்று. வெறுந்தகரத்தை வெட்டித் தேநீர் அடுப்பாக்கியதே அவற்றாற் கிடைத்த உருப்படியான பயன் போலும். எதிரியின் கலன்களைக் கைப்பற்றிப் பாவித்த பிரித்தானியர் ஈற்றில் அவற்றையே பார்த்துச் செய்யலாயினர். ஜேர்மானியரை 'ஜெரி' என்று ஏளனமாக அழைத்தவர்கள் அவர்களின் பாத்திரத்துக்கும் அப்பெயரையே இட்டனர்.

இவ்வரலாற்றில் எமது பக்கத்து நாட்டுக்கும் ஓரிடமுண்டு. போல் பிளைஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1939இல் பேர்லினிலிருந்து மோட்டார் வண்டியில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியிற் குடிநீருக்காக ஜேர்மன் நண்பரொருவர் மூன்று கலன்களை எடுத்துக் கொடுத்தார். படையின் இரகசியப் பாத்திரம் இவ்வாறு குடிநீர்ப் பாத்திரமாகக் கல்கத்தா வந்து சேர்ந்து, வண்டியோடு கிடங்கொன்றில் அடைபட்டுக் கிடந்தது. பின்னர் அவர் அமெரிக்கப் படைத்துறையிடம் அதைப்பற்றிச் சொன்னபோது முதலில் அவர்கள் செவிசாய்க்கவில்லை. யுத்தம் முடிகையில் ஐரோப்பாவில் மட்டும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கலன்கள் சிதறிக் கிடந்தனவாம்.

எம்மை மிகவும் கவர்ந்தது அதன் பிடி. மேலே மூன்று கைப்பிடிகள். தனியே தூக்குபவன் நடுப்பிடியைப் பற்றுவான்; பாரம் மிகும்போது இருவர் ஆளுக்கொரு ஓரப்பிடியைப் பற்றித் தூக்கலாம்; வெறுங்கலனாயின் ஒருவனே கைக்கு இரண்டாக நான்கைக் கொண்டு போகலாம்; வரிசையில் நிற்போர் ஒருவர் விட ஒருவர் பற்றிக் கைமாற்றலாம். கூடிச் சுமக்கும் உழைப்பாளியின் கையை அளந்து செய்தாற்போன்ற பொருள். ஆனால் செய்வித்தது அண்டை நாடுகளை விழுங்கப் புறப்பட்ட பாசிச அரசு. யுத்தகால ஜேர்மன் தொழிற்சாலைகளில் பிற நாடுகளிலிருந்து பிடித்து வரப்பட்ட இலட்சக்கணக்கானோர் அடிமைவேலை செய்தனர். மேனாடுகளில் இக்கலன்களைச் சேர்ப்போர் ஆண்டு முத்திரையையும் ஆதி வர்ணத்தையும் பார்த்து விலை பேசுகின்றனர். தகட்டை ஒட்டிய கை யாருடையதென்று முத்திரை சொல்வதில்லை. நாமும் நெடுநாள் முத்திரையைத்தான் பார்த்தோம்.

நாம் பிறந்தது படுவான்கரையில். வாவிக்குக் கிழக்கே ஞாயிறு எழும் கரை எழுவான்கரை. மேற்கே அது படும் கரை எமது. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயும் டீசலும் உரமும் வாவியைக் கடந்து மேற்கே வரக் கட்டுப்பாடு இருந்தது. வவுணதீவிலும் மண்முனைத் துறையிலும் சோதனை நடக்கும். எமது தாயார் கூப்பன் கொடுத்து வாங்கிய ஒரு போத்தல் மண்ணெண்ணெயைக் காவலரணில் நின்றவன் மோந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்ததை நாம் அருகில் நின்று கண்டோம். 20 லீற்றர்க் கலன் என்பது அக்கரையில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத அளவு. மண்முனையில் பாலம் வந்தது 2014இல்.

2004 டிசம்பர் 26இல் கடல் நாவலடியையும் கல்லடியையும் வாரிக்கொண்டு போனது. கடலுக்கும் வாவிக்கும் இடையிலுள்ள மணல்மேட்டில், உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நன்னீர் மிதக்கிறது. அதைத்தான் கிணறுகள் தருகின்றன. அவை யாவும் உப்பாயின. நிவாரணத்தில் மடித்து வைக்கக்கூடிய 10 லீற்றர் பிளாஸ்டிக் கலன்கள் வந்தன. இடரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீராவது வேண்டுமென்பது சர்வதேச நியதி. அக்கலன்களுக்குப் பிடி ஒன்றுதான். இருவர் சேர்ந்து தூக்க வழியில்லாமையால் சிறுமிகள் இடுப்பிலேற்றிச் சரிந்து சரிந்து நடந்தனர்.

இனி ஏழாவது கலனின் கதை. 2022இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. கலன்களில் பெற்றோல் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய்க்காகக் காத்திருந்தோர் கலன்களின் பிடியிற் கயிறு கோத்து வரிசை பிடித்துவிட்டு, வீடு போய் வந்தனர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. அதற்குச் சில நாட்களின் பின், எமது மாணவனொருவனின் தந்தை மாலையில் வந்தார். கடற்றொழிலாளி. அவரது பிளாஸ்டிக் கலன் அடி வெடித்துப் போயிற்று.

"சேரிட்ட கலன் கிடக்குதெண்டு மகன் சொன்னான். ஒண்டு இரவல் தருவீங்களா?"

"இவை பெறுமதியானவை" என்றோம். சொல்லி முடிக்குமுன்பே அச்சொல் எமது காதுக்கே உறுத்தியது.

அவர் கோபிக்கவில்லை. "எண்ணெய் ஒழுகாதுதானே, சேர்?" என்றார்.

தோற்றத்தில் மிக இழிந்ததைக் கொடுக்கலாமென எண்ணி, இந்திய அமைதிப்படையினர் விட்டுச் சென்றதாகச் சொல்லி ஒருவர் எமக்குத் தந்த கலனை எடுத்துக் காட்டினோம். அவர் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியிலுள்ள துருவை நகத்தாற் சுரண்டிப் பார்த்துவிட்டு வைத்தார். பின்னர் ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, ஈற்றில் ஒன்றைத் தூக்கினார். 1944. சாக்குப் போர்த்தியிருந்த அதே கலன். எமக்கு நா எழவில்லை. ஏழினுள்ளும் குற்றமற்றது அதுவென்று கடைக்காரரின் தராசோ எமது புத்தகங்களோ சொல்லாததை அவரது விரல் சொல்லிவிட்டது. எடுத்துச் செல்லுங்கள் என்றோம்.

சில மாதங்களின் பின் கல்லடிக் கடற்கரையில் அவரைக் கண்டோம். கலனுக்குப் படகின் நீல வர்ணமே பூசப்பட்டிருந்தது. ஆண்டு எண் வர்ணத்தில் அடைபட்டுத் தடவினால் மட்டுமே தெரிந்தது. மூடியின் றப்பருக்கு லொறி ரியூபை வெட்டிப் போட்டாராம்; எண்ணெயில் ஊறிப் பொங்கியதால் வேறொன்று வெட்டிப் போட்டாராம். "புதுசு ஒண்டு வாங்கினதும் கொண்டு வந்து தாறன், சேர்" என்றார். அவசரமில்லை என்றோம். அதை உண்மையாகவே சொன்னோமா என்பதை இன்றுவரை எம்மால் உறுதியாகக் கூற இயலவில்லை. அந்த நீலத்தைக் கண்டபோது எமது நெஞ்சு ஒருகணம் சுருங்கியது.

அவரும் மகனும் நிரம்பிய கலனை ஆளுக்கொரு ஓரப்பிடியில் தூக்கி மணலில் இறங்கினர். பையன் எம்மைக் கண்டதும் வணக்கம் செய்யக் கையை எடுக்கவும் முடியாமல், செய்யாதிருக்கவும் கூசி, தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தந்தையோடு அடியொத்து நடந்தான்.