மூன்று இலக்கங்கள் புகட்டிய பாடம்

கல்லூரியை நீங்கிப் பல்லாண்டுகள் சென்றபின், லினக்ஸ் கணினி நிருவாகத்தின் தொடக்கநிலைச் சான்றிதழாகிய எல்.பி.ஐ.சி.-1 பரீட்சைக்காக மீண்டும் மாணாக்கராயினோம். வினாத்தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 90 நிமிடங்களில் 60 வினாக்கள். சிலவற்றுக்குக் கட்டளையை எழுத்துப் பிசகாது நாமே எழுதல் வேண்டும். வாய்ப்பாடு மனனஞ் செய்த பழைய பயிற்சி அங்கே கைகொடுத்தது.

ஆயினும், மனனம் மட்டும் போதாதென்பதை 640 என்னும் எண் உணர்த்திற்று. படித்தற்கு 4, எழுதுதற்கு 2, இயக்குதற்கு 1. எனவே 640 எனின், கோப்புக்கு உடையவர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டுமே கூடும். ஏனையோர்க்கு உரிமை யாதுமில்லை. நிருவாகியாகிய 'ரூட்'டுக்கோ இத்தடைகள் இல்லை. பிறர் கடிதங்களைத் திறக்க வல்லவர் திறவாதிருத்தலே இத்தொழிலின் அறம். அதனை வினாத்தாள் அளக்க இயலாது.

சான்றிதழின் ஆயுள் 5 ஆண்டுகள். கல்லூரி அன்னை ஊட்டிய ஒழுக்கத்துக்கோ எல்லையில்லை.