படகு ஓட்டினால் மறதி தெரியுமா?

மறதி நோய் என்றதும் சாவியை மறப்பதும் பெயரை மறப்பதும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அல்சைமர் நோயில், பழகிய தெருவிலேயே வழி தடுமாறுவதும் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. இதைக் காகிதமும் பேனாவும் வைத்து எப்படி அளப்பது?

அதற்காக 2016-ல் வந்ததுதான் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்ற கைப்பேசி விளையாட்டு. வரைபடத்தைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு படகை ஓட்ட வேண்டும். அவ்வளவுதான்! 40 லட்சம் பேருக்கு மேல் ஓட்டினார்கள். கைப்பேசி பழகாதவரின் தடுமாற்றத்தை மறதி என்று எண்ணிவிடக் கூடாதே? அதனால் சுலபமான முதல் நிலைகளை வைத்து அவரவர் கைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ4 மரபணு உள்ளவர்கள், மறதி ஏதும் தெரியாத நிலையிலேயே சுற்றுவழியில் போனதை 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. சபாஷ்! ஆனால் 2022-ல் இன்னொன்றும் தெரிந்தது. கட்டம் கட்டமான தெருக்கள் உள்ள நகரங்களில் வளர்ந்தவர்களைவிட நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் நன்றாக வழி கண்டுபிடித்தார்களாம்.

அப்படியானால் குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் நோயா, வளர்ந்த ஊரா? ஆராய்ச்சியாளர் இந்தக் கேள்வியைக் கேட்பார். பிரீமியம் நிர்ணயிக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் அந்த எண் கிடைத்தால், அதுவும் கேட்குமா? விளையாடும் முன் யோசித்துப் பாருங்கள்.