கூடம் கோணலா? அளந்து பாத்தேன்!

முதல்லயே ஒரு டிஸ்க்ளைமர். எல்.கே.ஜி.யில இருந்தே நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல கடைசியா முழுசா எழுதினது பன்னிரண்டாம் வகுப்பு பொதுத்தேர்வுக் கட்டுரைதான். ஒற்றுப்பிழை எல்லாம் பாத்துக்கறோம்னு எடிட்டர் டீம் கொடுத்த தைரியத்துல எழுதறேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." எங்க வீட்டுல அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவையாவது இதைச் சொல்லுவாங்க. இன்டர்னல்ஸ்ல மார்க் குறைஞ்சு "கொஸ்டின் பேப்பர் டஃப்"னு சொன்னா உடனே இந்தப் பழமொழி வந்துரும். எனக்கு மட்டும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஒருவேளை கூடம் நிஜமாவே கோணலா இருந்தா? யாராவது அளந்து பாத்தாங்களா?

போன வருஷம் நான் அளந்து பாத்தேன். அந்தக் கதைதான் இது.

ஃபர்ஸ்ட் இயர்ல என்.சி.சி. கேம்ப்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிள் கையில கொடுத்து 5 ரவுண்டு சுடச் சொன்னாங்க. நடுவுல பட்டுச்சான்னு யாருமே பாக்கல. அஞ்சு ஓட்டையும் எவ்வளவு பக்கத்துல பக்கத்துல இருக்குன்னுதான் ஸ்கேல் வெச்சு அளந்தாங்க. அதுக்குப் பேரு குரூப்பிங். எல்லா குண்டும் ஒரே இடத்துல விழுந்தா, அந்த இடம் எங்க இருந்தாலும் பரவாயில்ல, சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வந்துடலாம். சிதறி விழுந்தா எந்த ஸ்க்ரூவைத் திருப்பியும் பிரயோஜனம் இல்ல. ப்ரிசிஷனும் அக்யூரசியும் வேற வேறன்னு புக்குல படிச்சது அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அந்த கிறுக்குல ஊர்ல ஒரு ரைஃபிள் கிளப்ல சேந்தேன். அங்க 10 மீட்டர் ஏர் ரைஃபிள். ஒலிம்பிக்ஸ்ல 2008-ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கின அதே ஈவென்ட். கேக்க 10 மீட்டர் ஈஸியா இருக்கும். ஆனா டார்கெட்ல பத்துங்கற புள்ளியோட விட்டமே 0.5 மில்லிமீட்டர்தான். நம்ம பெல்லட்டோட விட்டம் 4.5 மில்லிமீட்டர். பத்துக்குள்ளயும் 10.0-ல இருந்து 10.9 வரைக்கும் பிரிச்சு மார்க் போடுவாங்க. ஒவ்வொரு 0.1-க்கும் வித்தியாசம் கால் மில்லிமீட்டர். மொத்தம் 60 ஷாட், ஃபுல் மார்க் 654.

போன வருஷப் போட்டியில அடுத்த ரவுண்டுக்குப் போக எனக்கு 600 வேணும். வந்தது 594. ஆறு புள்ளியை அறுபதால வகுத்துப் பாருங்க. ஒரு ஷாட்டுக்கு 0.1. அதாவது ஒவ்வொரு பெல்லட்டும் நடுவுக்குக் கால் மில்லிமீட்டர் பக்கத்துல விழுந்திருந்தா நான் உள்ள.

பஸ்ல வீட்டுக்கு வரும்போதே லிஸ்ட் ரெடி. கிளப் ரைஃபிள் பழசு. பெல்லட் சரியில்ல. கூடச் சுடற ஒரு அண்ணா வேற, "உன் பேரல் சின்னதுடா, நீளமான பேரல் இருந்தாதான் அக்யூரசி"ன்னு சொல்லி வெச்சிருந்தார். சொந்தமா ஒரு புது மேட்ச் ரைஃபிள் வாங்கினா எல்லாம் சரியாயிடும்னு முடிவு பண்ணிட்டேன். விலை விசாரிச்சேன். ரெண்டரை லட்சம்.

எங்க அப்பா கோயம்புத்தூர் கணபதியில ஒரு வொர்க்‌ஷாப்ல லேத் ஓட்டறார். நான் கேட்டதுக்கு மறுப்பே சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு டி.வி. மேல ஒரு லோன் ஃபார்ம் இருந்துச்சு. பாதி ஃபில் பண்ணி, கையெழுத்தும் போட்டு வெச்சிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"ஏங்கண்ணு, இப்ப இருக்கற துப்பாக்கி எவ்வளவு தப்பு பண்ணுதுன்னு செக் பண்ணுனியா? பேரிங்க மாத்தறதுக்கு முன்னாடி டயல் வெச்சுப் பாக்க மாட்டமா?"

நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கறவன்கிட்ட பத்தாவது படிச்ச லேத் ஆபரேட்டர் கேட்ட கேள்வி இது. என்கிட்ட பதில் இல்ல. அடுத்த வாரமே செக் பண்ண ஆரம்பிச்சேன்.

முதல்ல பேரல் மேட்டர். கோச் சார்கிட்ட கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லாம என் ரைஃபிளோட முன்பக்க டியூபைக் கழட்டிக் காட்டினார். எனக்கு ஷாக். வெளியில நீளமா தெரியற பாதி வெறும் குழாய்! மேட்ச் ஏர் ரைஃபிள்ல நிஜமான பேரல் பெரும்பாலும் 42 சென்டிமீட்டர் கிட்டதான். முன்னாடி சைட்டைக் கண்ணுல இருந்து தள்ளி வைக்கறதுக்காகத்தான் அந்த டியூப். ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 70 சென்டிமீட்டர் இருந்து, நீங்க 0.1 மில்லிமீட்டர் தப்பா பாத்தா டார்கெட்ல 1.4 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். அதே தப்பு 80 சென்டிமீட்டர்ல 1.25. லாபம் சைட் தூரத்துலதான், பேரல்ல இல்ல. அதுக்கும் லிமிட் உண்டு. மெக்கானிசத்தோட பின்பக்கத்துல இருந்து முன்முனை வரைக்கும் 850 மில்லிமீட்டர் தாண்டக்கூடாதுன்னு சர்வதேச விதி.

உள்ள இருக்கற பேரல் நீளமானா இன்னொரு பிரச்சனை. பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்துல வெளிய வருது. ரஃபா கணக்குப் போட்டா பேரலுக்குள்ள அது இருக்கற நேரம் 4, 5 மில்லிசெகண்ட். அதுவரைக்கும் உங்க கை ஆடற ஆட்டம் எல்லாம் அதுக்குப் போய்ச் சேரும். பேரல் நீண்டா அந்த நேரமும் நீளும்.

அப்போ நீளமான பேரலே வேஸ்ட்டான்னா, அதுவும் இல்ல. இங்கிலாந்துல பிஸ்லிங்கற இடத்துல 1000 கஜம், அதாவது 914 மீட்டர் தூரத்துக்குச் சுடறாங்க. அங்க 30 இன்ச் பேரல் சகஜம். டார்கெட் போய்ச் சேர வரைக்கும் புல்லட் ஒலியோட வேகத்துக்குக் கீழ இறங்கக்கூடாது, அதுக்கு அந்த நீளம் குடுக்கற எக்ஸ்ட்ரா வேகம் வேணும். பாயிண்ட் டூ டூவுல மருந்து கொஞ்சம்தான். சுமார் 40 சென்டிமீட்டருக்கு மேல பேரல் போட்டாலும் வேகம் பெருசா ஏறாது. ஆக "எந்த நீளம் பெஸ்ட்?"னு கேட்டா, "எதுக்கு?"ன்னு திருப்பிக் கேக்கணும்.

அடுத்து பெல்லட். வெளிநாட்டுல அந்த 1000 கஜக்காரங்க நிறைய பேர் தோட்டாவைத் தாங்களே ரீலோட் பண்றாங்க. சுட்ட காலிக் கேஸை எடுத்து, புது ப்ரைமர், எடை போட்ட மருந்து, புது புல்லட்னு மறுபடி கட்டறது. காசு மிச்சம்ங்கறதை விட, ஷாட்டுக்கு ஷாட் வேகம் மாறக்கூடாதுங்கறதுதான் அவங்க குறி. (நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம். யாரும் ஐடியா எடுத்துக்காதீங்க!) பாயிண்ட் டூ டூவுல அதுவும் முடியாது. ப்ரைமர் கேஸோட விளிம்புக்குள்ளயே இருக்கு, ஒரு தடவை அடி வாங்கினா முடிஞ்சுது. அதனால பெரிய ஷூட்டர்கள் பர்மிங்காம்ல ஈலி கம்பெனிக்கோ, ஜெர்மனியில ஷோனெபெக்ல இருக்கற லாபுவா சென்டருக்கோ ரைஃபிளைக் கொண்டு போய், அதை கிளாம்ப்ல பூட்டி, பேட்ச் பேட்ச்சா சுட்டுப் பாத்து, எது நல்லா குரூப் ஆகுதோ அந்த பேட்ச்சை வாங்கறாங்க.

நான் பண்ணின "ரீலோடிங்" என்னன்னா, கெமிஸ்ட்ரி லேப் எடை மெஷின்ல பெல்லட்டை ஒவ்வொண்ணா எடை போட்டது. ஒண்ணு 0.53 கிராம். ரெண்டு சாயங்காலம் அதுலயே போச்சு. அப்புறம்தான் ஒரு கணக்குப் போட்டேன். 10 மீட்டர் போறதுக்குள்ள பெல்லட் 17 மில்லிமீட்டர் கீழ இறங்குது. எடை மாறி வேகம் வினாடிக்கு 2 மீட்டர் மாறினாலும் வித்தியாசம் 0.4 மில்லிமீட்டர்தான். ரெண்டு சாயங்காலமும் வேஸ்ட்!

எடை மெஷினை விட்டுட்டு கிளாம்ப் வழிக்கு வந்தேன். கோச் சார் ஓகே சொன்னார். கிளாம்ப் செஞ்சு கொடுத்தது யார் தெரியுமா? அப்பா. ஞாயித்துக்கிழமை வொர்க்‌ஷாப்ல உக்காந்து, ரைஃபிள்ல கீறல் விழாம இருக்க ரப்பர் லைனிங் வெச்சு, ஒரு ஃபிக்ஸ்சர். என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டை விட ஃபினிஷிங் சூப்பர்.

முதல் நாள் ரெண்டு டின்லயும் 5, 5 ஷாட். ட்ரெயினிங் டின் ஜெயிச்சுது. அடுத்த நாள் மறுபடி 5, 5. மேட்ச் டின் ஜெயிச்சுது. தலை சுத்திடுச்சு. 5 ஷாட்ல ஒரு முடிவும் எடுக்க முடியாதுன்னு அப்பதான் உறைச்சுது. அதுக்கப்புறம் ஒவ்வொரு டின்லயும் 10 ஷாட் குரூப் நாலு போட்டேன். ஓட்டை நடுவுல இருந்து ஓட்டை நடு வரைக்கும் அளந்தா, ட்ரெயினிங் டின் சராசரி 3 மில்லிமீட்டர். மேட்ச் டின் 2. போட்டியில நான் சுட்டது மேட்ச் டின்தான். அதே டின், அதே ரைஃபிள், கிளாம்ப் இல்லாம என் தோள்ல வெச்சு சுட்டா 8.

ஆக கூடம் கோணல்தான். 2 மில்லிமீட்டர் அளவுக்கு.

இங்கதான் மெட்ராலஜி கிளாஸ் கை கொடுத்துச்சு. சம்பந்தமில்லாத ரெண்டு தப்பை நேரா கூட்டக்கூடாது, வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும்னு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? மொத்தம் 8, வர்க்கம் 64. ரைஃபிளோட பங்கு 2, வர்க்கம் 4. மிச்சம் 60. அதோட வர்க்கமூலம் ஏழே முக்கால். அதாவது துளிகூடச் சிதறாத ஒரு ரைஃபிளைக் கடவுளே கொண்டு வந்து கொடுத்தாலும் என் குரூப் 8-ல இருந்து ஏழே முக்காலாகும். ஸ்கோர்ல 60 ஷாட்டுக்கு ரெண்டு புள்ளி வரும். எனக்கு வேண்டியது ஆறு.

ரெண்டரை லட்சம். ரெண்டு புள்ளி. அப்பாவோட கையெழுத்து டி.வி. மேல இருக்கு.

அதை அவர்கிட்ட சொல்ல எனக்கு மூணு நாள் ஆச்சு. கணக்கு புரியாதுன்னு இல்ல, என்னை விட அவருக்கு நல்லா புரியும். அதான் பிரச்சனை. தோத்ததுக்குக் காரணம் வெளிய எங்கயோ இருக்கற வரைக்கும் ஒரு நிம்மதி இருந்துச்சு. அது போயிடுச்சு. கடைசியில பேப்பர்ல எழுதியே காமிச்சேன். கண்ணாடி போட்டுப் படிச்சார். "செரி. அப்ப மிஷின் ஓகே. ஆப்பரேட்டரைப் பாரு"ன்னார். அவ்ளோதான். திட்டியிருந்தா கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

ஆப்பரேட்டரைப் பாத்தேன். ஃபோன்ல ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்தா ரெண்டு விஷயம் அசிங்கமா தெரிஞ்சுது. ஒண்ணு, குறி பாத்துட்டு 15 செகண்டுக்கு மேல பிடிச்சுட்டே நிக்கறேன், அதுக்குள்ள கண்ணும் கையும் டயர்ட் ஆயிடுது. ரெண்டு, ட்ரிகர் இழுத்ததும் எங்க பட்டுச்சுன்னு பாக்கற ஆர்வத்துல கன்னம் ஸ்டாக்கை விட்டு எழும்புது. தினமும் ராத்திரி அரை மணி நேரம் பெல்லட் இல்லாம சுவத்தைப் பாத்து டிரை ஃபயரிங். 10 செகண்டுக்குள்ள வரலேன்னா இறக்கி வெச்சிடணும். சுட்டப்புறமும் அப்படியே நிக்கணும். செலவு பூஜ்யம். செம போர்.

இதனால எக்விப்மென்ட்டே முக்கியம் இல்லன்னு சொல்ல வரல. கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 630.7 எடுத்தாங்க. சராசரி 10.5. அதாவது சராசரியா பாத்தா பெல்லட் நடுவுல இருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சத்துல. அப்படியும் பத்தாவது இடம், எட்டு பேர் மட்டும் போற ஃபைனலுக்குள்ள நுழைய முடியல. அந்த லெவல்ல 2 மில்லிமீட்டர் சிதறற ரைஃபிள் நிஜமாவே கோணல் கூடம்தான். நம்ம தப்பு குறையக் குறையத்தான் கருவியோட தப்பு கண்ணுக்குத் தெரியும். பெரிய தப்பு முதல்ல.

லேப்டாப் மாத்தினா கோடிங் வரும், கோச்சிங் சென்டர் மாத்தினா கேட் ரேங்க் வரும்னு லிஸ்ட் வெச்சிருக்கற நண்பர்களே, உங்க லிஸ்ட் தப்புன்னு நான் சொல்லல. ஒருவேளை சரியா கூட இருக்கலாம். கிளாம்ப்ல பூட்டி ஒரு தடவை அளந்துட்டு அப்பா அம்மாகிட்ட கேளுங்க. அஞ்சு ஷாட் பத்தாது, நாப்பது.

இந்த வருஷப் போட்டி போன மாசம் முடிஞ்சுது. 598.4. இந்தத் தடவையும் 600 வேணும். 1.6 குறைவு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா மனசுக்குள்ள கழிச்சுப் பாத்தார். அப்புறம் டி.வி. மேல இருந்த கவரை ஒரு தடவை பாத்தார். அந்த ஃபார்மை அவர் கிழிக்கவே இல்ல, கவருக்குள்ள போட்டு வெச்சிருக்கார்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது.

"அந்த ரெண்டு புள்ளி இருந்திருந்தா ஆயிருக்கும்ல கண்ணு?"

ஆயிருக்கும். கணக்கு சரிதான். ஆனா நானும் என் குரூப்பை மறுபடி அளந்து வெச்சிருந்தேன்.

"வேண்டாம்ப்பா. இன்னும் என்கிட்டயே ஏழு மில்லிமீட்டர் இருக்கு."