ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்?

வரலாறு மூன்றாமாண்டு மாணவனாகிய நான் ஸ்பானிய மொழி கற்கப் புகுந்ததைக் கேட்டு விடுதியில் சிரிக்காதவர் இல்லை. "பாம்பன்காரனுக்கு ஸ்பெயின் எதற்கடா?" என்றனர். கப்பல் வேலைக்குப் போகும் ஆசைதான், மறைப்பானேன்?

நோட்டின் இடப்பக்கம் ஒரு சொல், வலப்பக்கம் ஒரு பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்துவந்தேன். 'பேலா' என்ற சொல் வந்து அந்த முறையைக் கெடுத்தது. மெழுகுவர்த்தி என்று எழுதியிருந்தேன். பாடத்திலோ, பேலாவில் காற்று நிரம்பிப் படகு விரைந்தது என்றிருந்தது! அகராதியைப் புரட்டினேன். படகின் பாய்க்கும் அதே சொல்தான். 'கெரேர்' என்பதற்கு வேண்டும் என்றும் பொருள், அன்பு கொள்ளுதல் என்றும் பொருள்.

நம் தமிழ் மட்டும் வெளியாருக்கு எளிதா என்ன? இன்றைய ஸ்பெயினில் உள்ள நவார் பகுதியில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் பெயர்க்கச் செய்து கற்பித்தார். 1544-இல் தம் தோழர் மான்சிலாஸுக்கு எழுதிய மடலில், அதில் 'வேண்டும்' என்றிருப்பதை மாற்றி 'விசுவாசம்' என்று சொல்லும்படி கூறினார். இரண்டாண்டு கழித்துத்தான் பிழை பிடிபட்டது! ஸ்பானியத்தில் நம்புகிறேன் என்பது 'கிரேயோ'. எனக்கு வேண்டும் என்பது 'கியேரோ'. போர்த்துக்கீசியத்திலும் ஏறத்தாழ அப்படியே. பெயர்த்தவர் காதில் ஒன்று மற்றொன்றாக விழுந்ததோ? இது என் ஊகமே.

என்னை அதிகம் அலைக்கழித்த சொல் 'எஸ்பெரார்'. காத்திருத்தல், நம்பியிருத்தல் என்று இரண்டும் போட்டிருந்தது. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று விளங்காமல் காத்திருத்தலை மட்டும் எழுதிக்கொண்டேன்.

சென்ற ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா போன நாட்டுப் படகு விடிந்தும் கரை சேரவில்லை. வாடைக்காற்று வேறு. மற்றப் படகுகள் வந்துவிட்டன. அம்மா காலையிலிருந்து மணலைவிட்டு எழவில்லை. பொழுது சாய்ந்தபின், "இன்னும் எம்புட்டு நேரம் காத்துக் கெடப்பே? வீட்டுக்கு வாம்மா" என்றேன்.

"காத்துக் கெடக்கலைடா. வந்துருவாகன்னு இருக்கேன்."

அவர் இரவு எட்டு மணிக்கு வந்தார். இஞ்சின் நின்றுபோய், வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. கரையில் நின்ற ஒருவர் வழக்கம்போல், "பாடு எப்படி?" என்றார். எங்கள் கரையில் மீன் கிடைப்பதைப் பாடு என்போம். அப்பா வெறுங்கூடையைக் காட்டி, "பெரும்பாடுதான்" என்றார். அம்மாவே முதலில் சிரித்துவிட்டாள்.

விடுதிக்குத் திரும்பியதும் நோட்டைத் திருத்தினேன். இப்போது ஒவ்வொரு சொல்லுக்கு எதிரிலும் மூன்று வரி இடம் விட்டு எழுதுகிறேன். நோட்டு சீக்கிரம் தீர்ந்துபோகிறது.